ஒன்பது பேர், பிறகு ஐந்து பேர்

2007 மே 18, வெள்ளிக்கிழமை. ஹைதராபாத்தில் சார்மினாரை ஒட்டியிருக்கும் மக்கா மசூதியில் ஜும்ஆ தொழுகைக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் முற்றத்தில் வரிசை கட்டி நின்றார்கள். மதியம் ஒன்றேகால் மணி சுமாருக்கு, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் குண்டு வெடித்தது. ஆர்டிஎக்ஸும் டிஎன்டியும் கலந்து குழாயில் அடைத்து, செல்பேசி வழியாக இயக்கிய குண்டு. ஒன்பது பேர் இறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். வெடிக்காமல் கிடந்த குண்டும் பிறகு கண்டெடுக்கப்பட்டுச் செயலிழக்கச் செய்யப்பட்டது.

முகம்மது குலி குதுப் ஷாவுக்கு அடுத்து வந்த சுல்தான் முகம்மது குதுப் ஷா 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கி, 1694-இல் ஔரங்கசீப் காலத்தில் முடிந்த பள்ளிவாசல் அது. நிஜாம்களின் அடக்கத்தலங்கள் அதன் வளாகத்திலேயே இருக்கின்றன. பழைய நகரத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு அது வெறும் புராதனச் சின்னம் அல்ல. தாத்தா தொழுத இடம், அப்பா தொழுத இடம். அங்கே ரத்தம் சிந்தினால் அந்த நகரத்தின் நெஞ்சிலேயே அடி விழுந்த மாதிரி.

அடுத்து நடந்ததைத்தான் இந்த நாடு சரியாக நினைவில் வைக்கவில்லை. காயம்பட்டவர்களை உஸ்மானியா மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும், செய்தி கேட்டு ஓடிவந்தவர்களும், கொதித்துப்போன இளைஞர்களும் தெருவில் திரண்டார்கள். கல் பறந்தது. கடைகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கியைத் தூக்கியது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு மே 18-ஆம் தேதியும் செய்திகளில் வருவது ஒரே வரி: மக்கா மசூதி குண்டுவெடிப்பில் 14 பேர் பலி. இந்தக் கூட்டல் தவறு. குண்டுக்கு இறந்தவர்கள் ஒன்பது. காவல்துறையின் தோட்டாவுக்கு இறந்தவர்கள் ஐந்து. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் கட்டிவிட்டால், ஐந்து சாவுக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாமல் போகிறது. ஒன்பது பேரைக் கொன்றது யார் என்று 11 ஆண்டுகள் வழக்கு நடந்தும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை. ஐந்து பேரைச் சுட்டது எந்தத் துறை என்பது ஊருக்கே தெரியும். நீதிபதி பாஸ்கர ராவ் தலைமையில் விசாரணை ஆணையமும் வைத்தார்கள். ஆனாலும் அந்த ஐந்து பேரின் வீட்டுக்கு நீதிமன்றத் தீர்ப்பு என்று ஒன்று வந்து சேரவில்லை.

பிடித்துவிட்டுத் தேடிய ஆதாரம்

குண்டு வெடித்த சில நாட்களிலேயே காவல்துறை ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. வங்கதேசத்தில் இயங்கிய ஹூஜி அமைப்பு, அதற்கு உள்ளூரில் உதவிய முஸ்லிம் இளைஞர்கள். முடிவு முதலில் வந்தது, தேடல் பிறகு தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் தேதி லும்பினி பூங்காவிலும் கோகுல் சாட் கடையிலும் குண்டுகள் வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு பிடிப்பது இன்னும் வேகமெடுத்தது. பழைய நகரத்து இளைஞர்கள் வீட்டிலிருந்தும் வேலையிடத்திலிருந்தும் கொண்டுபோகப்பட்டார்கள். சிலரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே நாள்கணக்கில் குடும்பத்துக்குத் தெரியவில்லை.

மாநிலச் சிறுபான்மையினர் ஆணையம் நியமித்த வழக்கறிஞர் ஒருவர் சிறைக்குள் போய் அவர்களைச் சந்தித்தார். அடித்ததையும் மின் அதிர்ச்சி கொடுத்ததையும் அவர்கள் சொன்னார்கள். உடம்பில் இருந்த அடையாளங்களை அவர் அறிக்கையில் பதிவு செய்தார். இத்தனைக்கும் அந்த இளைஞர்கள் மீது போடப்பட்டவை பெரும்பாலும் சதித்திட்டம் தீட்டினார்கள் என்ற தனி வழக்குகள்தான். மசூதியில் குண்டு வைத்தார்கள் என்று சொல்லவே ஆதாரம் இருக்கவில்லை. 2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலுமாக அவர்களை நீதிமன்றம் விடுவித்தது.

விடுதலை என்பது தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சொல். தெருவில் அந்தச் சொல்லுக்குப் பெரிய மதிப்பில்லை. பயங்கரவாத வழக்கில் பிடிபட்டவன் என்று ஒருமுறை படம் போட்டுவிட்டால், வாடகைக்கு வீடு கிடைப்பது கடினம், வேலை கிடைப்பது அதைவிடக் கடினம், தங்கைக்கு வரன் பார்ப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். நம் பக்கத்தில் இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். 1998 பிப்ரவரி 14 கோவைத் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் கைதான கேரளத் தலைவர் அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்த பிறகு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுவிக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பு வந்தது 2007 ஆகஸ்ட் முதல் நாள். அதே மாதக் கடைசியில்தான் ஹைதராபாத்தில் அடுத்த சுற்றுக் கைதுகள் தொடங்கின.

வேறு பக்கம் போன விசாரணை

2007 அக்டோபர் 11 அன்று அஜ்மீர் தர்காவில் ஒரு குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். ரமலான் மாதம், நோன்பு திறக்கும் நேரம். அந்த வழக்கில் சிம் அட்டைகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகப் போன ராஜஸ்தான் பயங்கரவாத எதிர்ப்புப் படை, 2010-இல் தேவேந்திர குப்தா என்பவரைக் கைது செய்தது. அங்கிருந்து மக்கா மசூதி வழக்கும் திசை மாறியது. அதற்குள் அந்த வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையின் கையில் இருந்தது. தேவேந்திர குப்தாவும் லோகேஷ் சர்மா என்பவரும் மக்கா மசூதி வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டார்கள். சுனில் ஜோஷி என்ற முன்னாள் ஆர்எஸ்எஸ் பிரசாரகரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் அவர் 2007 டிசம்பர் 29 அன்றே மத்தியப் பிரதேசத்தின் தேவாஸில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்தக் கொலை வழக்கிலும் பிறகு எல்லோரும் விடுதலையானார்கள்.

இந்தத் திருப்பத்தின் நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். 2010 ஆகஸ்டில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஹூஜியைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று ஹைதராபாத் மசூதித் தாக்குதல். நம் புலனாய்வுத் துறை வேறு ஆட்களைக் கைது செய்து மாதங்கள் ஆன பிறகும், ஹைதராபாத் காவல்துறையின் முதல் ஊகம் கடல் கடந்து ஒரு வல்லரசின் ஆவணத்தில் உண்மையாக அச்சாகிவிட்டது. முதல் ஊகத்துக்கு இருக்கும் ஆயுள் அவ்வளவு. பிறகு வரும் திருத்தத்துக்கு அந்தக் கால் கிடையாது.

2010 நவம்பரில் ஹரித்வாரில் சுவாமி அசீமானந்தா கைதானார். இயற்பெயர் நபகுமார் சர்க்கார். குஜராத்தின் டாங் மாவட்டத்தில் ஆதிவாசிகளிடையே வேலை செய்தவர். டிசம்பர் 18 அன்று டெல்லி தீஸ் ஹசாரி நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தார். மாலேகான், சம்ஜோதா ரயில், அஜ்மீர், மக்கா மசூதி என்று பல வெடிப்புகள் அதில் வந்தன. வாக்குமூலம் ஏன் கொடுக்கிறேன் என்பதற்கு அவர் சொன்னதாக வந்த காரணம் நாடு முழுக்கப் பரவியது. ஹைதராபாத் சஞ்சல்குடா சிறையில், மக்கா மசூதி வழக்கையொட்டி முன்பு பிடிபட்டுத் துன்பப்பட்ட ஒரு முஸ்லிம் இளைஞன் தனக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தான், அதில் மனம் கரைந்தது என்று.

யாரையும் உருக்கும் கதை. எனக்கும் அதைப் படித்த நாள் நினைவிருக்கிறது. அன்று மனசு லேசானது. ஆனால் உருக்கம் சாட்சியம் ஆகாது. அசீமானந்தா பின்னர் அந்த வாக்குமூலத்தை மறுத்தார், வற்புறுத்தி வாங்கியது என்றார். வழக்கின் சுமை முழுவதையும் அந்த ஒரு தாளின்மேல் ஏற்றிவைத்திருந்தார்கள். அது நழுவியபோது அடியில் தாங்கிக்கொள்ள வேறெதுவும் இல்லை.

ஒரே நோய்

காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் காவல்துறை எப்படி வாக்குமூலம் வாங்கும் என்பது சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் மாஜிஸ்திரேட் முன்னால், தானாக, யோசிக்க நேரம் கொடுத்து வாங்கவேண்டும் என்று வைத்தார்கள். தடா, பொடா, மகாராஷ்டிரத்தின் மோக்கா ஆகிய சட்டங்கள் இந்த வேலியில் ஓட்டை போட்டன. உயர் காவல் அதிகாரியிடம் சொன்னாலே செல்லும் என்று ஆக்கின.

அந்த ஓட்டையின் விலையை மாலேகானில் பார்க்கலாம். நாசிக் மாவட்டத்தின் விசைத்தறி ஊர் அது. 2006 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை, ஷபே பராத் நாள். ஹமீதியா மசூதிக்கும் படா கப்ருஸ்தானுக்கும் அருகே சைக்கிள்களில் வைத்த குண்டுகள் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்னோர்களின் கபர்களுக்குப் போய் துஆ செய்யும் நாளில், அந்தக் கபர்களுக்குப் பக்கத்திலேயே செத்தார்கள். மகாராஷ்டிர பயங்கரவாத எதிர்ப்புப் படை மோக்கா சட்டத்தின்கீழ் ஒன்பது முஸ்லிம்களைப் பிடித்தது. வாக்குமூலங்களும் தயாராயின. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2011 நவம்பரில்தான் அவர்களுக்கு ஜாமீன் கிடைத்தது. தேசியப் புலனாய்வு முகமை வந்து, இவர்கள் இல்லை, வேறு நால்வர் என்றது. 2016 ஏப்ரலில் மும்பை சிறப்பு நீதிமன்றம் அவர்களை வழக்கிலிருந்து விடுவித்தபோது எட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஒருவர் அதற்கு முந்தைய ஆண்டு இறந்திருந்தார்.

அதே ஊரில் 2008 செப்டம்பர் 29 அன்று, ரமலான் மாதத்தில், பிக்கு சௌக் அருகே மோட்டார் சைக்கிளில் வைத்த குண்டு வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். 17 ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜூலை 31 அன்று ஏழு குற்றவாளிகளும் விடுதலை. அதற்குப் பத்து நாள் முன்புதான், 2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டனை பெற்றிருந்த 12 முஸ்லிம்களையும் மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்களை நம்ப முடியாது என்றது. அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளில் முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் பிறகு தடை போட்டது. அந்த ரயில்களில் 180-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள்.

ஏழு குற்றவாளிகள் என்று எழுதிவிடுவது எவ்வளவு எளிது என்று பாருங்கள். அந்த மாலேகான் ஏழு பேரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள், குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அவர்களில் ஒருவரான பிரக்யா சிங் தாக்கூருக்கும் அப்படி அழைக்கப்படும் உரிமை உண்டு, சஞ்சல்குடாவில் கிடந்த இளைஞனுக்கும் உண்டு. ஒரு தீர்ப்பு வந்தால் ஒரு சாரார் பட்டாசு வெடிக்கிறார்கள், இன்னொரு தீர்ப்பு வந்தால் இன்னொரு சாரார். ஒரே மாதத்தில் வந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் குறைவு. படித்தால் தெரிவது ஒன்றுதான். யாரைப் பிடித்தாலும் நம் காவல்துறை வேலை செய்யும் முறை ஒன்றாகவே இருக்கிறது. தடயத்தைச் சேர்ப்பதற்குப் பதில் ஆளைச் சேர்க்கிறார்கள், ஆளிடமிருந்து தாளை வாங்குகிறார்கள். தாள் கிழிந்தால் செத்தவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

2018 ஏப்ரல் 16

மக்கா மசூதி வழக்கு 2011-இல் தேசியப் புலனாய்வு முகமைக்கு மாறியது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 இறுதியில் உருவாக்கப்பட்ட அமைப்பு. 226 சாட்சிகளை விசாரித்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் பிறழ்சாட்சி ஆனார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி ஒருவரும் அவர்களில் அடக்கம். பதினோரு ஆண்டு என்பது சாட்சிக்கு நீண்ட காலம். நினைவு மங்கும், பயம் வளரும், ஆட்சி மாறும்.

2018 ஏப்ரல் 16 அன்று ஹைதராபாத் நீதிமன்றத்தில் நீதிபதி ரவீந்தர் ரெட்டி தீர்ப்பை வாசித்தார். அசீமானந்தா, தேவேந்திர குப்தா, லோகேஷ் சர்மா, பரத் மோகன்லால் ரதேஷ்வர், ராஜேந்திர சௌத்ரி ஆகிய ஐவரும் விடுதலை. அரசுத் தரப்பு ஒரு குற்றச்சாட்டைக்கூட நிரூபிக்கவில்லை என்றார். அடுத்த சில மணி நேரத்தில் சொந்தக் காரணங்களைச் சொல்லிப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். தேசியப் புலனாய்வு முகமை மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும். ஆதாரம் இல்லாமல் தண்டிக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒன்பது பேர் செத்த வழக்கில் நாட்டின் முதன்மைப் புலனாய்வு அமைப்பு முழுத் தோல்வி கண்டால், மேல் நீதிமன்றத்தின் கதவையாவது தட்டவேண்டாமா? தட்டவில்லை என்றால், அப்படியானால் யார் செய்தார்கள் என்று மறுபடி தேடவாவது வேண்டாமா? அதே தேவேந்திர குப்தாவுக்கு 2017 மார்ச்சில் ஜெய்ப்பூர் நீதிமன்றம் அஜ்மீர் வழக்கில் ஆயுள் தண்டனை விதித்திருந்தது. கோகுல் சாட், லும்பினி பூங்கா வழக்கில் 2018 செப்டம்பரில் இந்தியன் முஜாகிதீனைச் சேர்ந்த இருவருக்கு மரண தண்டனை வந்தது. அங்கே செத்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு பெயர் கிடைத்தது, ஒரு முடிவு கிடைத்தது. சில கிலோமீட்டர் தள்ளி, அதே ஆண்டில் செத்த மக்கா மசூதிக் குடும்பங்களுக்கு அது கிடைக்கவில்லை.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமை இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி அன்றே பிடிபட்டான் என்பதால் அந்த வழக்கையும் இந்த வழக்கையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. நான் சொல்ல வருவது வேறு. 2020 ஆகஸ்டில் தண்டனை சொல்லும் முன்பு, பாதிக்கப்பட்டவர்களை நாள்கணக்கில் நீதிமன்றத்தில் பேசவிட்டார்கள். கணவனை இழந்தவள், மகனை இழந்த தாய் எல்லோரும் கொலையாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். அரசின் எந்தெந்த அமைப்பு எங்கே கோட்டைவிட்டது என்று ஒரு அரச ஆணையம் ஆராய்ந்து, அந்த அறிக்கை மக்கள் கைக்கே வந்தது. கொலையாளி பிடிபடாத ஊரிலும் இந்த இரண்டையும் செய்யலாம்.

கோரிமேட்டிலிருந்து பார்த்தால்

இதை நான் எழுதுவது புதுச்சேரி கோரிமேட்டில் உட்கார்ந்து. ஜிப்மர் மருத்துவமனையும் இங்கேதான், காவலர் பயிற்சிப் பள்ளியும் இங்கேதான். தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம். விழுப்புரம், திண்டிவனம், கடலூர்ப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ்கள் அலறிக்கொண்டு வருவதும், காலை நேரத்தில் மைதானத்தில் பயிற்சிக் காவலர்களின் பூட்ஸ் சத்தமும் இந்தப் பகுதி ஆட்களுக்குப் பழகிப்போன விஷயம். புதுச்சேரியின் பள்ளிவாசல்களில் இதுவரை இப்படி ஒன்று நடந்ததில்லை. முல்லா வீதிப் பக்கம் வெள்ளிக்கிழமை மதியம் போனால் இன்றும் கெடுபிடியில்லாத கூட்டம்தான்.

ஆனால் பயிற்சி முடித்து இந்த மைதானத்திலிருந்து வெளியே போகும் பையன்களும் பெண்களும் நாளைக்கு ஒரு கூட்டத்தின் முன்னால் நிற்கப்போகிறவர்கள். கூட்டம் கலைய முதலில் எச்சரிக்கை, பிறகு கண்ணீர்ப்புகை, பிறகு தடியடி, வேறு வழியே இல்லாதபோது துப்பாக்கி, அதுவும் தாழ்வாகக் குறிவைத்து. இந்த வரிசை எல்லாப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தரப்படுகிறது. மக்கா மசூதி வாசலில் எதிரே நின்றது எப்படிப்பட்ட கூட்டம்? சற்று முன்பு உறவினரின் உடலைத் தூக்கியவர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் கல்லெறிந்தது தவறு. அதற்குத் தண்டனை மரணம் அல்ல.

நமக்கு இது புரியாத விஷயமும் இல்லை. 2018 மே 22-இலும் மறுநாளும் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் மீதான துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. காவல்துறை அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. சொன்னதெல்லாம் நடக்கவில்லை என்ற குறை இருக்கிறது. ஆனாலும் யார் எங்கே நின்று சுட்டார் என்பது அச்சில் இருக்கிறது. தூத்துக்குடித் தாய்மார்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க முடிகிறது.

பதில் சொல்லப்படாத துப்பாக்கிச் சூடு அங்கேயே நின்றுவிடுவதில்லை. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதையடுத்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அதற்குப் பழி என்று சொல்லிக்கொண்டு சில மாதத்தில் 58 உயிர்களைக் குண்டு வைத்துக் குடித்தார்கள். ஹைதராபாத்திலும் அதே பாதை. மக்கா மசூதித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பழிவாங்குகிறேன் என்று கிளம்பிய விகாருதீன் என்பவரின் கும்பல், 2009, 2010 மே மாதங்களில், ஆண்டு நினைவை ஒட்டிக் காவல் பணியில் இருந்தவர்களைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு. அந்தக் காவலர்களுக்கும் குடும்பம் இருந்தது. 2007-இல் சுட்டவர்கள் அவர்கள் அல்ல. விகாருதீனும் வேறு நால்வரும் 2015 ஏப்ரல் 7 அன்று, வாரங்கல் சிறையிலிருந்து ஹைதராபாத் நீதிமன்றத்துக்கு வரும் வழியில், வேனுக்குள் கைவிலங்கோடு சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கியைப் பறிக்க வந்தார்கள் என்றது காவல்துறை. அந்த ஏப்ரல் 7-ஐ நாம் வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். சேஷாசலம் காட்டில் திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்துக் கூலியாட்கள் 20 பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது அதே நாள்தான்.

நம் மொழியில் நடந்தது

பள்ளிவாசலில் தொழுதவர்களைக் கொன்ற கதையைத் தமிழில் எழுதும்போது காத்தான்குடியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. 1990 ஆகஸ்ட் 3, அதுவும் வெள்ளிக்கிழமை. மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுஸைனியா பள்ளிவாசலிலும் இஷா தொழுகையில் நின்றவர்கள் மீது துப்பாக்கியாலும் கையெறி குண்டாலும் தாக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிறுவர்களும் அவர்களில் இருந்தார்கள். தாக்கியது விடுதலைப் புலிகள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள், புலிகள் மறுத்தார்கள். தாக்கியவர்களும் தமிழ் பேசினார்கள், மாண்டவர்களும் தமிழில்தான் அழுதார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள்.

அந்தப் பள்ளிவாசல் சுவரில் தோட்டாத் துளைகளை இன்றும் பூசாமல் வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 3-ஐ ஷுஹதாக்கள் (உயிர்த்தியாகிகள்) தினமாக நினைவுகூர்கிறார்கள். எவர் மீதும் அதற்காக நீதிமன்றத்தில் தண்டனை வரவில்லை. ஹைதராபாத்துக்காக இந்திய அரசிடம் கேள்வி கேட்கும் தமிழன், காத்தான்குடிக்காகத் தன் பக்கத்து மேடைகளிலும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். கேட்காத வாயில் மற்ற நியாயமும் எடுபடாது.

கொடுத்துப் பறித்த பணம்

ஹைதராபாத்தில் தவறாகப் பிடிக்கப்பட்டவர்களுக்கு அரசு ஒருமுறை தலைகுனிந்தது உண்மை. தேசியச் சிறுபான்மையினர் ஆணையம் வலியுறுத்தியதன் பேரில், கிரண்குமார் ரெட்டி முதல்வராக இருந்த ஆந்திர அரசு, நீதிமன்றம் விடுவித்த 20 பேருக்கு ஆளுக்கு 3 லட்சம் ரூபாயும், பிடித்து வைத்துவிட்டு அனுப்பிய 50 பேருக்கு ஆளுக்கு 20,000 ரூபாயும் கொடுத்தது. மொத்தம் 70 லட்சம். இவர்கள் குற்றமற்றவர்கள் என்று நன்னடத்தைச் சான்றிதழும் தந்தார்கள். 2013 செப்டம்பரில் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. விடுதலை ஆனதாலேயே இழப்பீடு பெறும் உரிமை வந்துவிடாது என்று சொல்லி, பணத்தைத் திரும்ப வசூலிக்கவும் உத்தரவிட்டது.

சட்டத்தில் அப்படியொரு உரிமை எழுதப்படவில்லை என்பது சரி. எழுதவேண்டும் என்பதுதான் என் வாதம். பொய் வழக்கில் சிக்கிய இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் வழங்கியது. நாகர்கோவில்காரர், நாடறிந்த விஞ்ஞானி, இருபது ஆண்டுக்கு மேல் போராடிய மனிதர். அவருக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. பழைய நகரத்து வளையல் கடைப் பையனுக்கு உச்ச நீதிமன்றம்வரை போகத் தெம்பு எங்கே இருக்கும்? அவனுக்காகத்தான் சட்டம் வேண்டும். அதே 2018 ஆகஸ்டில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையைக் கொடுத்தது. தவறாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இழப்பீடு கேட்கச் சிறப்பு நீதிமன்றங்கள், குறித்த காலத்துக்குள் முடிவு, சட்டபூர்வமான உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. பிறகு குற்றவியல் சட்டங்களையே மொத்தமாக மாற்றி எழுதினார்கள். அந்த அறிக்கை மட்டும் அலமாரியிலேயே இருக்கிறது. மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 உறுப்பினர்கள், புதுச்சேரிக்கு ஒருவர். இந்த நாற்பது பேரில் ஒருவர் தனிநபர் மசோதாவாக அதைக் கொண்டுவந்தாலே பேச்சு தொடங்கும்.

மக்கா மசூதி வழக்கு காகிதத்தில் இன்னும் முழுதாக மூடப்படவில்லை. சந்தீப் டாங்கே, ராம்சந்திர கல்சாங்ரா என்ற இருவர் தலைமறைவுக் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டவர்கள். அவர்கள் இல்லாமலேதான் 2018 தீர்ப்பு வந்தது. அந்த இருவரும் 2008-லேயே காவலில் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று மகாராஷ்டிர பயங்கரவாத எதிர்ப்புப் படையின் முன்னாள் அதிகாரி ஒருவர் 2016-இல் பகிரங்கமாகச் சொன்னார். உயிரோடு இருந்தால் பிடித்து நிறுத்தவேண்டும். கொல்லப்பட்டிருந்தால் யார் கொன்றது, எதை மறைக்கக் கொன்றது என்று விசாரிக்கவேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் தேசியப் புலனாய்வு முகமை அந்தக் கோப்பை மறுபடி எடுத்தே ஆகவேண்டும். எடுக்கும்போது ஒன்பது பேரின் பெயருக்குக் கீழே மற்ற ஐந்து பேரின் பெயரையும் தனியாக எழுதி, அதற்கு எதிரே எந்தக் காவலர், யார் உத்தரவு என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்பவேண்டும்.